ஈஸ்டர் முடியட்டும்

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து வேதக்கோயிலில் ஞானரட்ணம் ஆர்மோனியப் பெட்டி வாசித்தது இருபத்தாறு வருடம். ஆறு நாளும் ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் இலை அரைப்பார். ஏழாம் நாள் பெட்டியைத் திறந்தால் போதகருக்கே அவரிடம் ஒரு பயம். தாளம் இம்மி பிசகினாலும் கீர்த்தனையைப் பாதியில் நிறுத்தி, ஆண்டவரைக் காக்க வைத்து, மறுபடி முதலடியிலிருந்து தொடங்கச் சொல்லுவார். அவ்வளவு தலைக்கனம். அதற்கேற்ற வித்தையும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தோட்டத்துச் சனங்களை ஒப்பந்தப்படி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம்; எழுபத்திரண்டில் அவர்கள் குடும்பத்துக்கும் இந்தியாப் பாஸ்போர்ட் வந்தது. மனைவி சிசிலியின் தாயும் தம்பிமாரும் அந்த மாதமே கோத்தகிரிக்குக் கிளம்பிவிட்டார்கள். சிசிலியும் சாமான்களை மூட்டை கட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

"கிறிஸ்மஸ் முடியட்டும் சிசிலி. பாட்டெல்லாம் பழக்கியாச்சு. நடுவுல வுட்டுட்டு எப்படிப் போறது?"

கிறிஸ்மஸ் முடிந்தது. ஈஸ்டர் முடியட்டும் என்றார். பிறகு அறுப்பின் பண்டிகை. மனம் இல்லாதவனுக்குப் பண்டிகைக்கா பஞ்சம்?

அதற்குள் அவருடைய பாடகர் குழுவே குடும்பம் குடும்பமாகக் கப்பலேறிக்கொண்டிருந்தது. யார் போனாலும் மிச்சமிருப்பவர்கள் ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போய், ரயில் கோச்சி நகரும்வரை பாடி வழியனுப்புவது வழக்கம். கட்டிப்பிடித்து அழும் கூட்டத்துக்கு நடுவிலும் ஞானரட்ணம் தொடையில் தாளம் போட்டு, பாடுகிறவர்களை முறைத்துக்கொண்டிருப்பார். இருபது பேர் ஆறு பேரானார்கள். "இப்ப நானும் போயிட்டா கோயில்ல யாரு இருக்கா?" என்று அதையும் ஒரு சாக்காக்கிக்கொண்டார்.

எழுபத்தொன்பதில் மாமியார் இறந்த தந்தி வந்தது. சிசிலி அடுப்படியில் உட்கார்ந்து மூன்று நாள் அழுதாள். அவர் நீளமாக ஒரு ஜெபம் செய்தார். எண்பத்து நாலில் நாட்டில் இனச் சண்டை முற்றி, இந்தியாவுக்குப் போய்வந்த தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோனது. போகும் பேச்சு அத்தோடு முடிந்தது.

மறுவருடம் டக்ளஸ் என்ற இளம் போதகர் கிட்டாரும் டிரம்ஸும் ஒலிபெருக்கியுமாக வந்து இறங்கினார்.

"அண்ணே, சனங்க இப்ப கைதட்டிப் பாடத்தான் ஆசப்படுறாங்க. நீங்க இத்தன வருசம் ஒழைச்சிட்டீங்க. இனி முன்வரிசையில உக்காந்து சந்தோசமாப் பாடுங்க," என்றார் பல்லெல்லாம் தெரிய.

ஆர்மோனியம் உடைந்த பெஞ்சுகளோடு பின்னறைக்குப் போனது. கைதட்டுவதற்குக் கோயில் எதற்கு, கூத்து மேடை போதாதா என்று ஞானரட்ணம் லயத்து வரிசையில் வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தார். யாரும் காது கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கத்தில் எல்லோரையும் மீறி ஒரு குரல் ஏறியது. திரும்பிப் பார்த்தார். சிசிலிதான், கை சிவக்கத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவருக்குப் பொறுக்கவில்லை. "என்னைய அவமானப்படுத்துன எடத்துல ஒனக்குக் கைதட்டு கேக்குதா?"

சிசிலி நின்றாள்.

"கல்யாணம் முடிச்ச நாள்லேருந்து ஒங்க குழுவுல என்னைய ஒரு பாட்டுப் பாட வுட்டீங்களா? கொரலு சரியில்லன்னீங்க. அந்தக் குழுவுக்காகத்தான் எங்கம்மா மொகத்தக்கூடப் பாக்காமக் கெடந்தேன். இன்னைக்கித்தான் பாடுனேன். அடுத்த கெழமையும் பாடுவேன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். அவள் சொன்னதில் எதுவும் பொய்யில்லை.