தூணுக்குப் பின்னால் ஒரு கை

பெரம்பலூர்ல ஒரு ஸ்டுடியோவுல கல்யாண வீடியோ மிக்சிங் பண்ணிக்கிட்டிருந்தேன். கம்ப்யூட்டர் வந்த புதுசு. தாலி கட்டுறப்ப ரோஜாப்பூ சுத்தி வரும், மாப்ள தலைக்கு மேல புறா பறக்கும், எல்லாம் என் வேலைதான். அதுல வெட்டித் தள்ளுற வேஸ்ட்டத்தான் எனக்குன்னு சேத்து வச்சேன். கேமராவ அணைக்க மறந்து தொங்கவிட்டதுல பதிஞ்ச செருப்புக் கூட்டம், எச்சில் இலை, பந்திக்குள்ள நுழைஞ்ச கன்னுக்குட்டி. அத ஒட்டி எனக்குன்னு ஒரு படம் பண்ணுவேன். அதுல பாட்டுக்குப் பதிலா, அரியலூர் ரோட்டுல சுண்ணாம்புக்கல் லாரி போற சத்தத்த டேப்ரெக்கார்டர்ல பிடிச்சாந்து ஒட்டுவேன். "ஏம்மா, உனக்கென்ன கிறுக்கா?"ன்னு ஓனர் கேப்பார். கிறுக்குன்னே வச்சுக்கங்கன்னு சொல்லிட்டு வேலையப் பாப்பேன்.

ஒரு தடவ ஆண்டிமடம் கல்யாணக் கேசட் வந்துச்சு. தாலி கட்டுற நேரம், தூணுக்குப் பின்னாலேருந்து ஒரு கை மட்டும் நீண்டு அட்சதை போடுது. வளையல் இல்லாத கை. பொண்ணோட அம்மா. புருஷன் இல்லாதவங்க முன்னால வரக்கூடாதாம். பொண்ணோட பெரியப்பா கடைக்கே வந்து, "அந்தக் கைய வெட்டிருங்க, அபசகுனம்"னார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என் கல்யாணக் கேசட்டுலயும் எங்கம்மா கிடையாது, அடுப்படியிலயே நின்னுட்டாங்க. அவருக்கு வெட்டிக் குடுத்தேன். வெட்டினத அழிக்கல. இனி என் படமே இந்தக் கைதான்னு முடிவு பண்ணிட்டேன்.

ஆனா எந்தச் சத்தம் வச்சாலும் சேரல. லாரி சேரல, மேளம் சேரல. சரி, அந்தம்மா வூட்டுக்கே போவோம்னு பஸ் ஏறிட்டேன். அவங்க வாசல்ல உக்காந்து முந்திரிக்கொட்டை உடைச்சுக்கிட்டிருந்தாங்க. விஷயத்தச் சொல்லி, கட்டையால தட்டுற அந்தச் சத்தத்தப் பதிஞ்சாந்து அட்சதை விழுற படத்துக்கு வச்சேன். கச்சிதமா உக்காந்துச்சு. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வாரமே சிடியோட போயி, அவங்க வூட்டு டிவியில போட்டுக் காட்டினேன். கிட்ட வந்து உக்காந்து பாத்தாங்க. முடிஞ்சதும், "கைய நல்லாத்தாம்மா காட்டியிருக்க. என் மூஞ்சி எங்க?"ன்னு கேட்டாங்க.

அவங்க மூஞ்சியா? அது எந்தக் கேசட்டுலயும் இல்லையே. பைக்குள்ள கேமரா இருந்துச்சு, எடுத்தேன். "இரும்மா"ன்னு உள்ள போனவங்க, பொண்ணு கல்யாணத்துக்குக் கட்டின சேலையக் கட்டிக்கிட்டு வந்து, கேமராவுக்கு நேரா, நட்டநடுவுல நின்னாங்க. எங்க நிக்கணும்னு என்னையக் கேக்கல.