மூலை வெட்டிய அலமாரி

கணவர் தவறி ஐந்து வாரம் ஆகிறது. அந்த ஐந்து வாரத்தில் தையல்காரம்மா ஓரிடத்தில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல உட்காரவில்லை. மகள் வீட்டில் மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். வேலை இருந்தால் உட்கார்ந்திருப்பாள். வேலையோ மூன்று மூட்டைகளில் கட்டிக் கிடந்தது.

முப்பது வருஷமாக அவள் செய்வது ஆல்டரேஷன் மட்டும்தான். புதுத்துணி தைக்கமாட்டாள். அடுத்தவர் தைத்ததைப் பிரித்து, பிடித்து, குறைத்து, ஆளுக்குப் பொருத்துவாள். முடித்த துணியை மடிக்கக் கூடாது, தொங்கவிட வேண்டும் என்பது அவள் பிடிவாதம். அதற்கு உயரமான அலமாரி வேண்டும். மகள் ஒதுக்கிக் கொடுத்த மாடியறைக்கோ கூரை தாழ்வு. தரையிலிருந்து நூற்றுத் தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். மாப்பிள்ளை நுழையும்போதெல்லாம் விளக்கில் தலையை இடித்துக்கொள்வார்.

தொழில் நடத்த இடம் சரிப்படாவிட்டால் பழைய வாடகை வீட்டுக்கே போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள். சும்மா உட்கார்ந்து சாப்பிடும் விருந்தாளியாக இருக்க அவளால் ஆகாது. அங்கே கூரை உயரம். ஆள்தான் இல்லை. அந்த வீட்டுச் சாவி இன்னும் அவள் இடுப்பில் இருந்தது.

மகள் இயந்திரங்களுக்கு வரைபடம் போடும் இன்ஜினியர். தட்டையான பெட்டியில் பலகைகளாக வந்து வீட்டில் பூட்டிக்கொள்ளும் அலமாரி இரண்டு வாங்கினாள். உயரம் இருநூற்றொன்று. இரண்டு பக்கப் பலகைகளும் அடித்தட்டுக்குக் கீழே பதினைந்து சென்டிமீட்டர் காலாக நீண்டிருந்தன. அதில் எட்டை அறுத்தால் நூற்றுத் தொண்ணூற்று மூன்று. மேலே மூன்று மிச்சம். பெட்டியின் மேலேயே கணக்கை எழுதி அடிக்கோடும் போட்டாள்.

சனிக்கிழமை காலை அறுத்தார்கள். தையல்காரம்மா திருகாணிகளை அளவு வாரியாகப் பிரித்து வைத்தாள். பிறகு ஒன்றாகக் கொட்டி மறுபடி பிரித்தாள். முதல் அலமாரியைத் தரையில் படுக்கப்போட்டுப் பூட்டி முடிக்க மதியமாகிவிட்டது.

மூன்று பேருமாகத் தூக்கினார்கள். முக்கால்வாசி எழுந்ததும் மேல் விளிம்பு கூரையில் முட்டி நின்றது. மாப்பிள்ளையின் தோளில் சுண்ணாம்பு உதிர்ந்தது.

"அத்தை, இதுக்கும் என்னை மாதிரியே விதி" என்றார் அவர்.

மகள் மறுபடி அளந்தாள். நூற்றுத் தொண்ணூற்று மூன்றுதான். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. நிற்கிற உயரத்தைப் பார்த்தாளே தவிர, எழும்போது மூலைக்கு மூலை எவ்வளவு வரும் என்று பார்க்கவில்லை. ஆழம் நாற்பது. மூலைவிட்டம் நூற்றுத் தொண்ணூற்றேழு சொச்சம். ஒரு சென்டிமீட்டர் இடிக்கிறது. அப்பா இறந்ததிலிருந்து எந்தக் கணக்கும் சரியாக வரவில்லை என்று முணுமுணுத்தாள். எல்லாவற்றையும் கழற்றி நாளைக்கு மறுபடி அறுக்கலாம் என்றாள்.

நாளைக்கு என்றால் வேலையில்லாமல் இன்னும் ஒரு நாள் படி ஏறி இறங்க வேண்டும். இதற்குப் பழைய வீட்டுக்கே போய்விடலாம் என்று தோன்றியது தையல்காரம்மாவுக்கு. தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இறங்கினாள். கை தானாக இடுப்புச் சாவியைத் தொட்டது. ஆறாவது படியில், கண் அறையின் தரைமட்டத்துக்கு வந்த இடத்தில், ஏனோ திரும்பிப் பார்த்தாள். அலமாரி சாய்ந்தபடி நின்றது. அதன் மொத்தப் பாரமும் பின்பக்கக் கால் மூலையில் ஊன்றியிருந்தது.

பையைப் படியிலேயே போட்டுவிட்டு மேலே ஓடினாள்.

"மேல இடிக்கல. கீழதான் இடிக்குது" என்றாள். "கைக்குழி வெட்டாத சட்டைய போட்டுட்டு கையத் தூக்கினா தூக்க வருமா? இந்த மூலைய எடுத்துடு. சுவத்துப் பக்கம்தானே, எவன் பாக்கப்போறான்?"

அலமாரியை மறுபடி படுக்க வைத்தார்கள். தையல் சாக்பீஸால் இரண்டு கால்களிலும் பின்மூலையில் சாய்வாகக் கோடு இழுத்தாள். அடியில் பத்து சென்டிமீட்டர், மேல்நோக்கி ஆறு. மகள் பெட்டியில் எழுதியிருந்த பழைய கணக்கை அடித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள்.

"நூத்தித் தொண்ணூத்தஞ்சு புள்ளி மூணு. ஏழு மில்லிமீட்டர்தாம்மா இருக்கு."

"ஏழு மில்லி போதாதா? அதுல நான் ரெண்டு தையல் போடுவேன், இன்ஜினியரம்மா."

அறுத்தார்கள். தூக்கினார்கள். கூரையை உரசாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைவதுபோல எழுந்து நின்றது அலமாரி. பின்னால் சாயாமலிருக்க மகள் அதைச் சுவரோடு திருகி முடுக்கினாள்.

தையல்காரம்மா மூட்டைகளை அவிழ்த்தாள். வாடிக்கையாளர் பெயர்ச் சீட்டுக் குத்திய துணிகள் வரிசையாகத் தொங்கின. கடைசியாகச் சீட்டில்லாத ஒரு பேண்ட் வந்தது. கால் நீளம் குறைக்கச் சொல்லிக் கணவர் கொடுத்தது. மடித்துக் குத்திய குண்டூசிகள் அப்படியே இருந்தன. முடிக்க வேண்டிய துணிகளின் பக்கம் அதையும் மாட்டினாள்.

பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மகள் கையில் வைத்தாள். "திங்கக்கிழமை வீட்டுக்காரர்கிட்ட கொடுத்துடு."

"சரிம்மா. இப்பவாவது கொஞ்சம் உக்காரு."

"உக்காந்தா அந்த ரெண்டாவது பெட்டிய யாரு பிரிப்பா?" என்றவள், கத்தரிக்கோலால் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த டேப்பைக் கீற ஆரம்பித்திருந்தாள்.