நடுவில் பஸ் எங்கே போனது

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் நடுவே சாட்சி சொல்லும் நேரம் உண்டு. எழுந்து நின்று பட்ட பாட்டைச் சொல்லி, அதில் கர்த்தர் என்ன நன்மை செய்தார் என்று முடிக்க வேண்டும். லிங்கராஜபுரத்தில் என்னைப் போலச் சாட்சி சொல்ல ஆள் இல்லை என்பார்கள். உண்மைதான். என் வீட்டுக்காரர் இறந்த நாளைப் பற்றிப் பல வருடம் சொன்னேன். கேட்டவர்கள் அழுதார்கள். எனக்கு மட்டும் சொல்லிவிட்டு உட்காரும்போது ஒரே அலுப்பு. எதையோ சொல்லாமல் விட்ட மாதிரி இருக்கும்.

அதனால்தான் அந்த வகுப்புக்குப் போனேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர், சின்ன வயது, முதல் நாவல் போட்டிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் சபைப் பள்ளிக்கூடத்தில் கதை எழுதச் சொல்லித்தந்தார். வந்தவர்கள் எல்லாம் வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பிள்ளைகள். நான் பைபிளையே எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். இருந்தாலும் முன் பெஞ்சில்தான் உட்கார்ந்தேன்.

முதல் நாள் ஒரு பெண், தகப்பனை ரயிலேற்றி அனுப்பியதை எழுதி வாசித்தாள். முடிந்ததும் பழக்கதோஷத்தில், "ஸ்தோத்திரம்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"பாட்டி, இது ஜெபக் கூட்டம் இல்ல" என்றான் ஒருவன்.

"பாட்டி உங்க வீட்ல இருப்பாங்க. இங்க நானும் ஸ்டூடண்ட்தான்" என்றேன்.

என் முறை வந்தபோது சாட்சியையே எழுதிக்கொண்டு போய் வாசித்தேன். ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போனது. அவருடைய சட்டையை நியூஸ் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள். அவர் தம்பிக்குச் சொல்லி, அவருக்கு உடுத்த வேட்டி எடுத்துவர நான் வீட்டுக்கு பஸ் ஏறினேன். கர்த்தர் என் உள்ளத்தில் பெரிய சமாதானத்தைத் தந்தார். அவ்வளவுதான்.

வாத்தியார் கண்ணைக் கசக்கிக்கொண்டார். வாரமெல்லாம் வேலை பார்த்த களைப்பு.

"அம்மா, பஸ் ஏறினீங்க. உடனே சமாதானம் வந்துடுச்சு. நடுவுல பஸ் எங்க போச்சு?"

"எங்க போவும்? லிங்கராஜபுரத்துக்குத்தான் போவும். ஒரு நாவல் எழுதிட்டா பஸ் ரூட்டுகூட மறந்துடுமா சார்?"

அவரும் சிரித்துவிட்டார். "எனக்கும் இதெல்லாம் புதுசுதாம்மா. தப்பா கேட்டிருந்தா விட்டுடுங்க."

எனக்குக் கோபம். ஆனால் பஸ் லிங்கராஜபுரத்தில் என்னை இறக்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சட்டைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். எத்தனையோ நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கண்மூடாமல் கிடந்த உடம்பு. கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் தோளைத் தட்டி, "அம்மா, லாஸ்ட் ஸ்டாப், இளீரி" என்று கன்னடத்தில் இறங்கச் சொன்னார். இறங்கி, பஸ் வந்த வழியே திரும்பி நடந்தேன். நான் இத்தனை வருடம் சமாதானம் என்று சொல்லி வந்தது அந்தத் தூக்கத்தைத்தான். அதை எழுத ஒரு வாரம் ஆனது. அடுத்த சனிக்கிழமை வாசித்தேன். வாத்தியார், "இதுக்கு மேல ஒரு வரிகூட வேணாம்மா" என்றார்.

மறுநாளே பாஸ்டரம்மா என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். முட்டி வலியோடு எழுந்தேன். பஸ், தூக்கம், கண்டக்டர் எல்லாம் சொன்னேன். "எறங்கி நடந்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன.

"அப்புறம் கர்த்தர் என்ன செஞ்சாரு சிஸ்டர்?" என்று பாஸ்டரம்மா எடுத்துக் கொடுத்தார்.

"தூங்க விட்டாரு."

பின்னாலிருந்து யாரோ ஒருத்தி மெதுவாக "ஸ்தோத்திரம்" என்றாள். அதற்குப் பிறகு வெகு நாள் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த நேரம் வந்தால் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். ஜெபம் பண்ணுகிறேன் என்று பக்கத்தில் இருக்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.