சம்பந்தியை எடுத்துக்கொண்ட கேலரி

என் மகனுக்குப் பெண் கொடுத்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைசூர்பாகுப் பெட்டியோடு பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். "சம்பந்தி, என்னை ஒரு கேலரி எடுத்துக்கிட்டாங்க" என்றார். எடுத்துக்கொள்வது என்றால், இனி அவர் வரைவதையெல்லாம் அந்தக் கேலரிதான் மாட்டும், விற்கும், வெளியூர்க் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோகும். விற்றதில் பாதி அதன் பங்கு. வாயில் போட்ட மைசூர்பாகு எனக்கு உள்ளே இறங்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். சுவர் சுரண்டும் கூலியாகத் தொடங்கி, நாற்பது ஆட்களை வைத்து வேலை வாங்கும் பெயிண்டிங் கான்ட்ராக்டராக ஆனவன். இந்த ஊரில் நான் வண்ணம் பூசிய அடுக்குமாடிகளை ஓரிடத்தில் நிறுத்தினால் அதுவே ஒரு தாலுகா ஆகும். அவர் அரசாங்க ஆபீசில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். தூரிகையைப் பிடித்ததே பென்ஷன் வந்த பிறகுதான். கேன்வாஸில் வரைய ஆரம்பித்ததில் நான் அவருக்கு ஒரு வருடம் மூத்தவன். அவரை எடுத்தவர்கள் என்னை விடுவார்களா?

செவ்வாய்க்கிழமையே முப்பது படங்களைக் குட்டி டெம்போவில் ஏற்றிக்கொண்டு அதே கேலரியில் போய் இறங்கினேன். போன் செய்யவில்லை. எங்கள் தொழிலில் போன் செய்து காத்திருந்தால் வேலை கைமாறிவிடும். நேரே போய் ஓனரைப் பிடித்து, இருக்கிற சாம்பிளையெல்லாம் விரித்துக் காட்டுவதுதான் முறை. முருகன், ஜோக் அருவி, ஓடும் குதிரைகள், விதான சௌதா கட்டடம், மாடர்ன் ஆர்ட் இரண்டு என்று எல்லாவற்றையும் சுவரோரம் சாய்த்து வைத்தேன். அங்கே மாட்டியிருந்த படங்கள் பாதிக்குமேல் மறைந்துபோயின.

கேலரி நடத்தும் அம்மாள் உள்ளேயிருந்து வந்தார். "என்ன யஜமான்ரே இது?" என்று கன்னட மரியாதையோடு கேட்டார்.

"எது பிடிக்குதோ சொல்லுங்க மேடம். அதே மாதிரி எத்தனை வேணும்னாலும் போட்டுத் தரேன். சதுரடிக்கு இவ்வளவுன்னு பேசிக்கலாம்."

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். "முப்பதும் முப்பது பேர் வரைஞ்ச மாதிரி இருக்கே."

"அதான் மேடம் நம்ம கை!" என்றேன். பாராட்டு என்றே நினைத்தேன்.

"அப்படியில்ல. நான் ஒருத்தரைத்தான் எடுத்துக்க முடியும், முப்பது பேரை இல்ல. நீங்க யாருன்னு இதுல தெரியல. அப்புறம், இப்ப இன்னொருத்தரோட ஷோ நடக்குது. அவங்க படத்தை மறைச்சிட்டீங்க, பாருங்க."

திரும்ப ஏற்றும்போது டெம்போ டிரைவர் வேறு கேட்டார்: "என்ன சார், மாடல் பிடிக்கலையாமா?"

சம்பந்தி எப்படி உள்ளே நுழைந்தார் என்று தெரிந்தாக வேண்டும். நான் கேட்டால் என் மரியாதை என்ன ஆவது? மனைவியிடம் சம்பந்தியம்மாளுக்குப் போன் போட்டுக் கேட்கச் சொன்னேன். பேசிப் போனை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ரெண்டு வருஷமா அங்க எந்த ஷோ நடந்தாலும் போய்ப் பார்ப்பாராம். தானும் வரைவேன்னு வாயே திறக்கலையாம். அவங்க என்ன மாதிரி மாட்டுறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு, ஒரே விஷயமா பதினஞ்சு படம் வரைஞ்சு, அரைப் பக்க லெட்டரோட மெயில்ல அனுப்பினாராம். முதல்ல வேணாம்னுட்டாங்களாம். தேங்க்ஸ்னு எழுதிட்டு, ஆறு மாசம் கழிச்சுப் புதுசா வரைஞ்சதை அனுப்பினாராம்."

"வேணாம்னவங்ககிட்டயே மறுபடியுமா? வெட்கமா இல்ல அந்த மனுஷனுக்கு?"

"நீங்க டெம்போ எடுத்துட்டுப் போனதுக்கு இது தேவலைங்க."

அந்த ஒரே விஷயம் கோப்புக் கட்டுகள். நாடா கட்டிய ஆபீஸ் கோப்புகள்! இதை எவன் பார்ப்பான் என்று ஒருநாள் கேலரிக்குத் தனியாகப் போய் அவர் படத்தின் முன்னால் நின்றேன். படத்தில் ஓர் அலமாரி, மேலே தூசி. ஒரு கட்டு மட்டும் நாடா அவிழ்ந்து, யாரோ பிரிக்க வந்து பாதியில் எழுந்து போன மாதிரி இருந்தது. குறை கண்டுபிடிக்கத்தான் நின்றேன். அரைமணி நேரம் நின்றும் கிடைக்கவில்லை. என்னுடைய எந்தப் படத்துக்கு முன்னாலும் நான் அப்படி நின்றதில்லை.

அவருக்குக் கோப்பு இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது? பஸ்ஸில் வரும்போது என் நகக்கண்ணைப் பார்த்தேன். சுண்ணாம்பு. எத்தனை ஆள் இருந்தாலும் பழைய வீட்டில் முதல் சுரண்டல் இன்றும் என்னுடையதுதான். ரோஸுக்குக் கீழே பச்சை வரும், அதற்குக் கீழே நீலம் வரும். காலண்டர் தொங்கிய இடத்தில் நிறம் வெளுக்காமல் ஒரு சதுரம் நிற்கும். கட்டில் கிடந்த பக்கம் தலை எண்ணெய் இறங்கிய கறை இருக்கும். பூசி மறைப்பதற்கு முன்னால் இதையெல்லாம் என் அளவுக்குப் பார்த்தவன் பெங்களூரில் கிடையாது.

ஏழு மாதத்தில் கேன்வாஸில் பன்னிரண்டு பழைய சுவர்கள் வரைந்தேன். இடையில் கேலரியில் நடந்த மூன்று ஷோவுக்கும் போனேன், வாய் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய கஷ்டம் என்று என்னோடு பழகியவர்களுக்குத் தெரியும். படங்களைப் பகல் வெளிச்சத்தில் வைத்து, ஸ்டுடியோக்காரரை அழைத்துப் போட்டோ எடுக்க வைத்தேன். கடிதம் எழுத மகனைக் கேட்கவில்லை, மாமனாரிடம் சொல்லிவிடுவான். நானே தமிழில் எட்டு வரி எழுதினேன். 'நான் சுவர் சுரண்டுகிறவன். சுரண்டும்போது கண்டது இது' என்று ஆரம்பித்தேன். ஸ்டுடியோக்காரரே மெயிலில் அனுப்பிக் கொடுத்தார்.

ஐந்து வாரம் கழித்து அந்த அம்மாளே என் குடோனுக்கு வந்தார். பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"இப்ப தெரியுது நீங்க யாருன்னு" என்றார். நான்கு படங்களைத் தனியாக எடுத்து வைத்தார். "இதை அடுத்த குரூப் ஷோல மாட்டுறேன். ஆனா உங்களை எடுத்துக்கிறது பத்தி இப்ப சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் உங்க வேலையைப் பார்க்கணும்."

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "கோப்புக் கட்டு போடுறாரே ஒருத்தர், அவரை எத்தனை நாள் பார்த்தீங்க?"

"அவரையா? ஒன்றரை வருஷம் இருக்கும். ஏன்?"

"சும்மாதான் மேடம். நல்லாப் பாருங்க, ஒரு வருஷம்."

ஆறு மாதம் நான் முந்தி! மேடத்தின் கார் தெருமுனை திரும்புவதற்குள் சம்பந்திக்குப் போன் போட்டேன்.

"ரொம்ப சந்தோஷம் சம்பந்தி! என்னை முதல் மெயிலுக்கு வேணாம்னுட்டாங்க. உங்களுக்கு முதல் மெயிலுக்கே நாலு படம்! நாளைக்கே வந்து பார்க்கிறேன்" என்றார்.

ஒரு துளி கசப்பாவது இருக்குமா என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன். இல்லவே இல்லை. அந்த மனிதருக்குப் பொறாமைப்படக்கூடத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.