கடையிலேயே விட்டுவந்த தொப்பி

எண்பதுகளில் நாங்கள் நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்த புதிதில், அலுவலக நண்பர் ஒருவர் குதிரைப் பந்தயத்துக்கு அழைத்தார். அழைப்பிதழிலிருந்த உடை விதிகளை மூன்று முறை வாசித்தேன். கோப்புகளைச் சரிபார்ப்பது என் வேலை; ஓய்வுபெறும்வரை எதையும் அதற்குக் குறைவாக நான் வாசித்ததில்லை.

பந்தயத்துக்கு முதல்நாள் என் மனைவி தொப்பிக் கடையொன்றுக்குள் நுழைந்தாள். அகன்ற விளிம்பும் மயில்நீல ரிப்பனும் உள்ள ஒன்றை எடுத்தாள். கொண்டைக்கு மேல் அது நிற்கவில்லை. வெளியிடத்தில் ஒருநாளும் கொண்டையை அவிழ்க்காதவள், கண்ணாடி முன் அவிழ்த்தாள். தொப்பி பொருந்தியது.

"இஞ்சேருங்கோ, எப்பிடி இருக்கு?"

அழகாக இருந்தாள். கடைக்காரப் பெண் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குக் கூச்சம். "தொப்பி கட்டாயம் எண்டு அழைப்பிதழில எழுதேல்லை. விரும்பினால் போடலாம் எண்டுதான் கிடக்கு" என்றேன்.

"ஓம், நீங்கள் வாசிச்சால் பிறகு கடவுளாலும் திருத்தேலாது." சிரித்தபடி கழற்றி வைத்தாள். கொண்டையை முன்னையைவிட இறுக்கி முடிந்தாள்.

பந்தயத்தில் தொப்பியில்லாத பெண் அவள் ஒருத்திதான். நான் குதிரைகளைப் பார்த்தேன். அவள் தொப்பிகளைப் பார்த்தாள்.

அவள் இறந்து ஆறு வருடமாகிறது. பந்தய நாட்களில் தொப்பியணிந்த பெண்கள் பஸ்ஸில் ஏறும்போது, "நல்ல வடிவா இருக்கு" என்று, அன்று கேட்ட அவளுக்கு மெல்லச் சொல்கிறேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள் என்று எத்தனையோ கோப்புகளைத் திருப்பி அனுப்பியவன் நான்.