அப்பன் ஜாடை

ரஞ்சிதா என் கொழுந்தன் கதிர்வேலின் மனைவி. நாமகிரிப்பேட்டைக்காரி, பி.காம். படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த மளிகைக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் வாய் ஓயாது. சிரிப்பே அறியாத எங்கள் மாமியார் குப்பாயி அம்மாளைக்கூடச் சிரிக்க வைத்தாள். இப்போது கேட்டதற்குப் பதில் சொல்வதோடு சரி. அவளை அப்படி ஆக்கியது யார் என்று எனக்குத் தெரியும். என் கொழுந்தன் என்பதற்காக அதை மூடி மறைக்க எனக்கு மனமில்லை.

கதிர்வேல் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை செய்கிறான். வண்டி திருச்செங்கோட்டு முதலாளியுடையது, போர் போடுவதெல்லாம் சத்தீஸ்கர் பக்கம். கல்யாணத்துக்குக் கிடைத்த லீவில் பாதி விருந்து சாப்பிடவே போய்விட்டது. மீதி நாட்களில் நடந்ததை ரஞ்சிதா பின்னால் என்னிடம் சொன்னாள். அவளுக்கு வலி, அவனுக்குப் பயம். அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டி அணைப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்குள் வண்டியிலிருந்து போன் வந்து, அவன் கிளம்பிவிட்டான்.

ஆடியில் அவளுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வந்தன. புது இடம், தண்ணீர் சேரவில்லை என்று நினைத்தோம். மெடிக்கலில் கர்ப்பம் பார்க்கிற கார்டு வாங்கிப் பார்த்தால் இரண்டு கோடு. மாமியார் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தார். ரஞ்சிதா மட்டும் என்னைப் பின்கட்டுக்கு இழுத்துப் போய் அழுதாள்.

"அக்கா, எங்களுக்குள்ள இன்னும் ஒண்ணுமே நடக்கலீங்க்கா. இது எப்படீங்க்கா?"

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இரண்டு பெற்றவள் நான், இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற முகமாக இல்லை. மறுநாளே நாமக்கல்லில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் அவளை அதட்டாமல் பக்குவமாகக் கேட்டார். துணி இல்லாமல் நெருங்கி இருந்தீர்களா, அவருக்கு வந்தது எங்கே பட்டது என்று விசாரித்தார். இவள் தலையைக் குனிந்தபடியே சொன்னாள். பிறகு அவர் விளக்கினார். கட்டிப் பிடிப்பதால் கரு தரிக்காது, முத்தத்தால் தரிக்காது, உடுத்திய துணிக்கு மேலே பட்டாலும் தரிக்காது. ஆனால் விந்து பெண்ணுறுப்பின் வாசலில் பட்டுவிட்டால் உயிரணுக்கள் தாமாகவே உள்ளே போய்விடும். அப்படிக் கரு தங்குவது அபூர்வம். அபூர்வம் என்றால் நடக்காது என்று அர்த்தமில்லை என்றார்.

ரஞ்சிதாவுக்கு அங்கேயே உயிர் வந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னால் புரிந்துகொள்வார் என்று பஸ்ஸில் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். கூட இருந்தவன்தானே, அவனுக்குத் தெரியாதா என்று நானும் நம்பினேன்.

அவன் நம்பவில்லை. அம்மா போனில் சந்தோஷமாகச் சொன்னதைக் கேட்டு ரயிலேறி வந்தவன், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவளை ஒரு மாதிரி பார்த்தான். அவனையும் அதே டாக்டரிடம் இழுத்துப் போனோம். எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினான். பரிசோதித்து இவள் யாரோடும் சேரவில்லை என்று சொல்ல முடியாதா என்று கேட்டான். உடம்பைப் பார்த்து அதையெல்லாம் யாராலும் சொல்ல முடியாது, சந்தேகம் இருந்தால் குழந்தை பிறந்த பிறகு டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். ரஞ்சிதா உடனே சரி என்றாள். இவன்தான் வேண்டாம் என்றான். டெஸ்ட் என்று போனால் ஏன் என்று ஊர் கேட்குமே! கல்யாணமாகியும் தொடவில்லை என்பதை இவன் தன் வாயால் சொல்ல வேண்டி வருமே!

திரும்பும்போது பஸ்ஸில் அவன் தனியாக முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் கேட்ட கேள்வி, மாவாட்டிக்கொண்டிருந்த எனக்கும் கேட்டது.

"செவ்வாய்ப்பேட்டைக் கடையில யாரு?"

கையிலிருந்த மாவோடு போய் அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று வந்தது எனக்கு. மாமியார் காதில் விழுந்தால் இவளுக்குத்தான் ஆபத்து என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டு நாளில் அவன் வண்டிக்குப் போய்விட்டான். வெளியே யார் வாழ்த்தினாலும் சிரித்து வாங்கிக்கொண்டான். உள்ளே அவளோடு பேச்சில்லை. அவள் போன் போட்டால் எடுப்பதில்லை. வளைகாப்புக்கு லீவு இல்லையாம். ரிக்காரன் பொழப்பு அப்படித்தான் என்று சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்த ரஞ்சிதா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிள்ளை யார் ஜாடையில் பிறக்கப்போகிறதோ என்று எல்லாரும் கேட்டார்கள். அவள் பயமெல்லாம் அதுதான் என்று எனக்கு மட்டும் தெரியும்.

பெண் குழந்தை பிறந்தது. ஊர் வாயை மூட வேண்டுமே, கதிர்வேல் ஆஸ்பத்திரிக்கு வந்தான். நான்தான் குழந்தையை அவன் கையில் கொடுத்தேன். கதிர்வேலுக்கு இடது காது மட்டும் மேலே மடங்கியிருக்கும், அவன் அப்பாவுக்கும் அப்படித்தான். குழந்தைக்கும் இடது காது மேலே மடங்கியிருந்தது. பார்த்தவன் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டான். பக்கத்துக் கட்டில்காரர்கள் பாசத்தைப் பார் என்றார்கள்.

"என்னையவே உரிச்சு வெச்சிருக்குது ரஞ்சி. நான் பேசினதையெல்லாம் மனசுல வெச்சுக்காத சாமி," என்றான்.

ரஞ்சிதா குழந்தையைத் தரச் சொல்லிக் கை நீட்டினாள். வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, காதுவரை துணியைப் போர்த்திவிட்டாள்.

"இவ என் ஜாடையில பொறந்திருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?"

குழந்தைக்கு இப்போது நடை வந்துவிட்டது. சத்தீஸ்கரிலிருந்து தினமும் போன் வருகிறது. ரஞ்சிதா அதை எடுத்துக் குழந்தையின் காதில் வைத்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள்.