வகுப்பு முடியட்டும்

இது நிஜமாகவே நடந்தது. நடுராத்திரி, நாய் ஊளை, பாழடைந்த பங்களா எல்லாம் எதிர்பார்த்து வந்திருந்தால் ஏமாந்துதான் போவீர்கள். எல்லாமே பட்டப்பகலில், பால்காரரும் தபால்காரரும் ஏறி இறங்குகிற சாதாரண மாடிப்படியில் நடந்தது. யாருக்கு நடந்ததோ அவரே என் எதிரில் உட்கார்ந்து சொன்னார். சொல்லி முடிக்கிறவரை ஒரு தடவைகூட என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. கதை விடுகிறவர்கள் அப்படித் தலை குனிய மாட்டார்கள்.

அவர் வயலின் டீச்சர். மாடி வீட்டில் தனியாக இருக்கிறவர். அதே தெருவில் தையல் கடை வைத்திருந்தவள் அவருடைய உயிர்த்தோழி. வாயைத் திறந்தால் மூடத் தெரியாது என்பதால் தெருவே அவளை 'ரேடியோ' என்றுதான் கூப்பிடும். எப்போது பார்த்தாலும் தோளில், முழங்கையில், ஏன், தலைமுடியில்கூட நூல் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும்.

அவ்வளவு பேசுகிறவளுக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பயபக்தி. உள்ளே வயலின் சத்தம் கேட்டால் கதவில் ஒரே ஒரு தட்டு தட்டுவாள், வந்திருக்கிறேன் என்று சொல்ல. அப்புறம் மேலிருந்து மூன்றாவது படியில் உட்கார்ந்துவிடுவாள். "கத்துக்கிறவங்களுக்கு நடுவுல போய் நிக்கக் கூடாதுடி. முதல்ல கிளாஸ் முடியட்டும்" என்பாள். இந்த நல்ல குணம்தான் அவளுக்கு எமனாக வந்தது.

டீச்சரிடம் ஒரு பல் டாக்டர் சாயங்கால வகுப்புக்கு வருவார். பல்லைப் பிடுங்குகிற கைக்கு வில்லைப் பிடிக்க வரவில்லை, பாவம். வீட்டில் கேட்டுத் திருத்திக்கொள்ளட்டும் என்று ஒரு நாள் அவர் வகுப்பை டீச்சர் போனில் பதிவு செய்திருந்தார். அதில் டாக்டர் வாசித்துக்கொண்டே வந்து மூன்றாவது வரியில் சறுக்குவார். உடனே டீச்சரின் குரல்: "மறுபடியும்... முதல்ல இருந்து." திரும்பவும் அதே இடத்தில் சறுக்குவார்.

அன்று காலை டீச்சருக்குத் தலைவலி. படியில் ரேடியோவின் செருப்புச் சத்தம். ஐயோ, வந்துவிட்டாள், இனி மத்தியானம் வரை விட மாட்டாள் என்று தோன்றியது. சட்டென்று ஒரு யோசனை. போனை ஸ்பீக்கரில் மாட்டி, பல் டாக்டரின் வகுப்பை ஓடவிட்டார்.

கதவில் ஒரு தட்டு. அப்புறம் அமைதி.

டீச்சர் காலை நீட்டிப் படுத்தார். சிரிப்புகூட வந்ததாம். பதிவு முடிந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை ஓடவிட்டார். அதுவும் முடிந்த பிறகு குப்பை கொட்டக் கதவைத் திறந்தார். மூன்றாவது படியில் ரேடியோ, சுவரில் தலை சாய்த்தபடி.

"அடியே, இங்கேயா தூங்குற?"

தோளைத் தொட்டார். தலை சரிந்தது.

ஆஸ்பத்திரியில், "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா..." என்று ஆரம்பித்த பெரிய டாக்டர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். காலையிலிருந்தே நெஞ்சு வலி என்று கடையில் சொன்னாளாம். டீச்சரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போகிறேன் என்றுதான் கிளம்பினாளாம். சொல்லி அழுதது அவளுடைய அக்கா.

"அப்ப நீ எங்கேம்மா இருந்தே?"

"கிளாஸ்ல இருந்தேன் அக்கா."

வாயில் வந்துவிட்டது. அக்கா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தொழிலைப் பார்த்துக்கிட்டிருந்தே. உன் மேல என்ன தப்பு?"

அதற்குப் பிறகு டீச்சர் கடவுளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மத்தியான வேளையில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, அதன் முன்னால் கண்ணை மூடி உட்காருவார். அவளுக்கு நிம்மதி கொடு, எனக்குத் தைரியம் கொடு. பிரார்த்தனைக் கூட்டத்துப் பெண்கள் இவர் பக்தியை மெச்சினார்கள். மெச்ச மெச்ச உடம்பு கூசியது. கடவுளிடம் எல்லாவற்றையும் பேசினார், அந்த ஒன்றைத் தவிர. சொல்லாவிட்டால் கடவுளுக்குத் தெரியாதாக்கும்!

ஒரு மத்தியானம் கண்ணை மூடியிருந்தார். டக். கதவில் ஒரே ஒரு தட்டு. திறந்து பார்த்தால் யாரும் இல்லை. மூன்றாவது படியில் நீல நிறத்தில் ஒரு நூல் பிசிறு கிடந்தது. காற்றில் வந்திருக்கும் என்று பெருக்கித் தள்ளினார்.

மறுநாளும் அதே வேளை. டக். இந்த முறை டீச்சர் குனிந்து அந்தப் படியில் கை வைத்துப் பார்த்தார். வெயிலே எட்டாத படி அது. சூடாக இருந்தது... யாரோ வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

உள்ளே ஓடிவந்து போனில் இருந்த அந்தப் பதிவை அழித்தார்.

அடுத்த நாள் தட்டும் சத்தம் கேட்கவில்லை. அப்பாடா என்று கண்ணை மூடினார்.

வெளியே... யாரோ மெல்ல முனகினார்கள்.

பாட்டுதான். பல் டாக்டரின் பாடம்.

முதல் வரி. இரண்டாவது வரி.

மூன்றாவது வரியில்... சறுக்கியது. அச்சு அசலாக அதே இடத்தில்.

அப்புறம் ஒரு குரல். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. டீச்சரின் சொந்தக் குரல்.

"மறுபடியும்... முதல்ல இருந்து."

டீச்சர் முழங்காலில் விழுந்தார்.

"கிளாஸ் நடக்கலைடி! பொய்! உன்கிட்ட பேச அலுத்துக்கிட்டு ஏமாத்தினேன். கடவுளே, ஏமாத்திட்டேன்!"

சத்தம் நின்றது. செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனது.

அன்றைக்குத்தான் டீச்சர் நன்றாகத் தூங்கினார். கடவுள் மன்னித்துவிட்டார் என்று நம்பினார். கடவுளிடமே சொல்லியாயிற்று, இனி அக்காவிடம் வேறு எதற்கு என்று அந்தப் பேச்சை அப்படியே மூடி வைத்தார். வேறு ஒருத்தருக்கும் தெரியாது என்ற தைரியம்தான்.

வேலை விஷயமாக வெளியூர் போயிருந்த பல் டாக்டர் சில வாரம் கழித்துத் திரும்பி வந்தார். வயலின் பெட்டியைத் திறந்துகொண்டே, "என்ன டீச்சர், உங்க ஃப்ரெண்டைப் படியில காணோம்?" என்றார்.

"அவ... போயிட்டா டாக்டர். நீங்க ஊருக்குப் போனதுக்கு முதல் நாள் காலையில."

பல் டாக்டரின் கை பெட்டியிலேயே நின்றது.

"காலையிலயா? அன்னைக்குச் சாயங்காலம் நான் கிளாஸுக்கு வந்தேனே. படியில உட்கார்ந்திருந்தாங்களே."

அந்தச் சாயங்காலம் டீச்சர் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தார். போன் அவர் கைப்பையில். வீடு பூட்டிக் கிடந்தது.

"உள்ள வயலின் கேட்டுது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நான் வாசிச்சது! என் தப்பு, உங்க குரல். அவங்க என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. 'பாருங்க டாக்டர், இங்கயும் நிக்கிறீங்க, உள்ளயும் வாசிக்கிறீங்க! சரி, அவளுக்கு என்ன அலுப்போ. கிளாஸ் முடியட்டும், நான் உட்கார்ந்திருக்கேன்'னாங்க. அவங்களுக்கு ரொம்ப வேர்த்திருந்துது. தண்ணி வேணுமான்னு கேட்டேன், வேணாம்னுட்டாங்க. உங்களுக்கு அலுப்புன்னதும் நானும் கதவைத் தட்டாம திரும்பிட்டேன்."

டீச்சர் மெல்லக் கேட்டார்: "வேற... என்ன சொன்னா?"

"'எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. கூனிக் குறுகிப் போயிடுவா'ன்னாங்க."

அன்றைக்கே டீச்சர் அக்கா வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடி உண்மையைச் சொன்னார். அக்கா திட்டவில்லை, அழவும் இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுபடி தட்ட டீச்சருக்குத் துணிவில்லை. திரும்பிப் போகவும் மனம் வரவில்லை. அந்த வீட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்தார்.

இருட்டிய பிறகும் கதவு திறக்கவில்லை. எழுந்துகொள்ளலாம் என்று பக்கத்தில் கையை ஊன்றினார்.

படி சூடாக இருந்தது.